ராத்திரியில் கரைந்த 14 சதவீதம்: பழைய ரெட்மிக்குக் கெர்னல் வைத்தியம்

ராத்திரி பத்தரைக்கு நூறு சதவீதத்தில் வைத்த போன் காலை ஆறரைக்கு 86 காட்டிக்கொண்டிருந்தது. திரை அணைந்தே கிடக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது அதே போன், அதே நேரத்தில் 97 காட்டுகிறது. சில நாள் 96. இடையில் ஆண்ட்ராய்டின் அடியில் ஹார்ட்வேரை ஆளும் கெர்னலை மாற்றினேன், ப்ராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரைத் திருகினேன், பேட்டரியையே மாற்றினேன். எது எவ்வளவு உதவியது என்று அளந்து வைத்திருப்பதால் எழுதுகிறேன். "இந்தக் கெர்னலைப் போடு, சார்ஜ் ரெண்டு நாள் நிக்கும்" என்று சொல்கிற எவரும் எத்தனை மில்லிஆம்பியர் மிச்சமானது என்று சொல்வதில்லை.

போன் ரெட்மி நோட் 4. 2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, ஸ்னாப்டிராகன் 625 சிப் போட்ட மாடல். எட்டு கோரும் ஒரே வகை, கார்டெக்ஸ் ஏ53. என்னிடம் ஓய்வு பெற்று அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. வேறு சிஸ்டம் போடவிடாமல் பூட்டி வைக்கும் பூட்லோடரை நான் வைத்திருந்த காலத்திலேயே திறந்து, லீனியேஜ் என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுவிட்டேன். கெர்னல் 3.18. அப்பா யுபிஐ பக்கமே போகாதவர். பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்தால்தான் அவருக்கு அது பணம். இந்த வேலைக்கு அது வசதியாகப் போயிற்று. பூட்லோடர் திறந்த போனில் வங்கி ஆப்கள் பல முரண்டு பிடிக்கும். தினமும் கடையில் க்யூஆர் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்கிற போனில் இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள். பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள டேட்டா மொத்தமும் அழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளப்பது எப்படி என்று பார்க்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேட்டரியிலிருந்து அந்த நொடியில் ஓடும் கரண்ட்டைக் கெர்னல் ஒரு ஃபைலில் காட்டும். பவர் சப்ளை ஃபோல்டருக்குள் பேட்டரி, அதற்குள் 'கரண்ட் நவ்'. மைக்ரோஆம்பியரில் இருக்கும், 285000 என்றால் 285 மில்லிஆம்பியர். பாசிட்டிவ் என்றால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது போனுக்குப் போன் மாறும், சார்ஜர் செருகிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். திரை எரியும்போது நடக்கும் செலவை அளக்க இது போதும். ஐந்து நொடிக்கு ஒருமுறை படித்து, அரை மணி நேரத்துக்குச் சராசரி போட ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதிக்கொண்டேன்.

ஆனால் போன் தூங்கும்போது அந்த ஃபைல் உதவாது. அதைப் படிக்க ப்ராசஸர் விழித்திருக்க வேண்டும். தூங்குகிறவரை உலுக்கி "தூங்கிட்டீங்களா" என்று கேட்கிற கதைதான். யுஎஸ்பி கேபிள் போட்டு ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) வழியாகப் பார்க்கலாம் என்றால் கேபிள் சார்ஜ் ஏற்றுகிறது, போனையும் தூங்கவிடுவதில்லை. அதனால் தூக்கத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொண்டேன். ஆண்ட்ராய்டில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று போன் தூங்கினாலும் ஓடும், இன்னொன்று தூங்கும்போது நின்றுவிடும். படுக்கும் முன் இரண்டையும் பேட்டரி சதவீதத்தையும் குறித்து, காலையில் மறுபடி குறித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் போன் உண்மையில் தூங்கிய நேரம்.

முதல் கணக்கே முகத்தில் அடித்தது. எட்டு மணி நேரத்தில் தூங்கியது நாலு மணி நேரத்துக்கும் குறைவு, 48 சதவீதம்.

கரைந்த 14 சதவீதத்தையும் மில்லிஆம்பியராக மாற்றிக்கொண்டேன். டிசைன் கொள்ளளவு 4100 மில்லிஆம்பியர்-மணி. ஆனால் பேட்டரி இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று ஃப்யூயல் கேஜ் (பேட்டரியின் இருப்பைக் கணிக்கும் சிப்) வைத்திருந்த கணக்கு 3020. அதில் 14 சதவீதம் ஏறக்குறைய 423. எட்டால் வகுத்தால் சராசரி 53 மில்லிஆம்பியர். வைஃபையோடு ஒழுங்காகத் தூங்கும் போனுக்கு 10, 15 போதும்.

செட்டிங்ஸின் பேட்டரி பக்கத்தில் முதலிடத்தில் இருந்தது ஒரு நாட்காட்டி ஆப். ராசிபலன், நல்ல நேரம், கௌரி பஞ்சாங்கம், இடையிடையே விளம்பரம். அதைத் தூக்கிவிட்டு அப்பாவுக்கு வழக்கமான தினசரி காலண்டரை ஆணியில் மாட்டிக் கொடுத்தேன். ஒரு செய்தி ஆப்பின் பின்னணி வேலையை முடக்கினேன். தூக்கம் 52 சதவீதமானது. ஆப் பக்கம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் கெர்னல் சமாசாரம் என்று முடிவு கட்டி லேப்டாப்பைத் திறந்தேன்.

இந்தச் சிப்புக்கான லீனியேஜின் எம்எஸ்எம்8953 கெர்னல் சோர்ஸ், அதைக் கம்பைல் செய்ய ஆண்ட்ராய்டு ஜிசிசி 4.9, லேப்டாப்பில் உபுண்டு 22.04. முதல் பில்டே தொடங்கிய கையோடு நின்றது. 'ஒய்ஒய்லாக்' என்ற பெயர் இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று லிங்க்கர் புலம்பல். பழைய கெர்னலைப் புது உபுண்டுவில் பில்ட் செய்யும் எல்லோரும் இந்தச் சுவரில் முட்டித்தான் போக வேண்டும். பில்டுக்கு உதவும் சின்ன ப்ரோகிராம்களை உபுண்டுவின் சொந்த ஜிசிசிதான் கட்டும். ஜிசிசி 10 முதல், ஒரே குளோபல் மாறியை இரண்டு ஃபைலில் அறிவித்தால் கண்டும் காணாமல் விடுவதில்லை. ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரில் டிடிசி லெக்ஸர் ஃபைலைத் திறந்து அந்த வரியின் முன்னால் 'எக்ஸ்டர்ன்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. நாலு கோர், எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் முழு பில்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. சிகேஷ் (ஏற்கெனவே கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் கருவி) போட்டுக்கொண்டால் அடுத்தடுத்த பில்டுகள் மூன்று நாலு நிமிடத்தில் முடிகின்றன.

ஃபிளாஷ் செய்யும் (போனில் எழுதும்) முன் ரிகவரியில், கெர்னல் இருக்கும் பூட் பார்ட்டிஷனை மட்டும் பேக்கப் எடுத்து, லேப்டாப்பிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது. மேஜிஸ்க்பூட் என்ற கருவி கொண்டு பழைய பூட் இமேஜுக்குள் புதுக் கெர்னலை வைத்துக் கட்டி, ஃபாஸ்ட்பூட் (பூட்லோடரோடு பேசும் கருவி) வழியாக ஃபிளாஷ் செய்யாமலே ஒரு தடவை பூட் செய்து பார்க்கலாம். லோகோவில் தொங்கினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், பழைய கெர்னலோடு எழுந்துவிடும். சரி என்று தெரிந்த பிறகு ரிகவரியில் நிறுவும் ஏனிகெர்னல்3 ஜிப்பாகப் போட்டுக்கொண்டேன்.

போன் எழுந்தது, வைஃபை எழவில்லை. ஸ்விட்சைத் தள்ளினால் தானாகத் திரும்பி வந்துவிடும். வைஃபை டிரைவர் தனி மாட்யூலாக சிஸ்டத்தில் இருந்தது. அதில் பொறித்திருக்கும் கெர்னல் பதிப்புக் குறியும் என் கெர்னலின் குறியும் ஒத்துப்போகாவிட்டால் கெர்னல் அதை உள்ளே விடாது. கான்ஃபிகில் அந்த டிரைவரை மாட்யூல் என்பதிலிருந்து 'உள்ளேயே கட்டு' என்று மாற்றினேன், வந்துவிட்டது.

இனி திருகல்கள். இந்தக் கெர்னலில் இருக்கும் கவர்னரின் பெயர் இன்டராக்டிவ். லோடு 85 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் 1401 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவும் என்று இருந்ததை, 95 தாண்டினால் 1036-க்குத் தாவட்டும் என்று மாற்றினேன். திரையைத் தொட்டவுடன் வேகத்தைத் தூக்கும் இன்புட் பூஸ்டைக் குறைத்தேன். நாலு கோரை அணைத்துப் பார்த்தேன். கெர்னலின் டைமர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்பதை மாற்றினேன்.

சோதனைக்கு ஒரே டவுன்லோட் வீடியோ, ஏரோப்ளேன் மோட், பிரைட்னஸ் 60 சதவீதத்தில் நிறுத்தி வைத்தது. எல்லாச் சோதனையும் காலை ஏழு மணிக்கு முன். இந்த நேரக் கட்டுப்பாடு எனக்குப் பட்டுத் தெரிந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் மதியம் அளந்தால் பேட்டரி வெப்பம் 41 டிகிரி, கரண்ட் 300. அதே கெர்னலை, அதே வீடியோவை விடியற்காலையில் அளந்தால் 31 டிகிரி, 285. சூட்டில் சிலிக்கான் கசிவு கூடும். ஏசி அறையில் ஒன்றையும் வெயிலில் ஒன்றையும் அளந்துவிட்டு இந்தக் கெர்னல் ஒசத்தி என்று சொன்னால் அது ஏசிக்குக் கொடுத்த மார்க்.

கவர்னர் திருகலுக்குப் பிறகு வீடியோவில் 285 இருந்தது 271 ஆனது. தானாக ஸ்வைப் செய்ய வைத்து ஸ்க்ரோலிங்கை அளந்ததில் 410 இருந்தது 372. ஆனால் இன்புட் பூஸ்டைக் குறைத்ததால் வாட்ஸ்அப் பட்டியல் திக்கித் திக்கி நகர்ந்தது. அப்பாவே கவனித்துக் கேட்டார். அதை மட்டும் பழையபடி வைத்துவிட்டேன். நாலு கோரை அணைத்ததில் வீடியோவில் மாற்றமே இல்லை, ஸ்க்ரோலிங்கில் 418 ஆகக் கூடியது. வேலை இல்லாத கோர் ஏற்கெனவே மின்சாரம் துண்டிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. அதை மெனக்கெட்டு அணைத்தால் மிச்ச நாலும் கூடுதல் வேகத்தில் ஓடித் தீர்க்க வேண்டியிருக்கிறது. டைமர் துடிப்பை மாற்றியது அளவில் தெரியவே இல்லை.

எந்த வேகத்தில் எத்தனை நேரம் ஓடியது என்று கெர்னலே ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைப் பார்த்தால் காரணம் புரிகிறது: வீடியோ ஓடும்போதும் பெரும்பாலான நேரம் ப்ராசஸர் 652.8 மெகாஹெர்ட்ஸில்தான் இருந்தது. இந்தச் சிப்புக்கு அதுதான் தரைத்தளம், அதற்குக் கீழே படி இல்லை. வீடியோவைப் பிரிக்கும் வேலையைத் தனி ஹார்ட்வேர் பார்த்துக்கொள்கிறது.

ஒப்பிடுவதற்காக பிரைட்னஸை 60-லிருந்து 40-க்கு இறக்கி அளந்தேன். 285 இருந்தது 238. ராத்திரி கண்விழித்துக் கெர்னலில் பிடித்தது 14 மில்லிஆம்பியர். அப்பா ஸ்லைடரை விரலால் கொஞ்சம் இழுத்தால் 47. இது எல்சிடி திரை என்பதால் டார்க் மோடும் கறுப்பு வால்பேப்பரும் ஒரு மில்லிஆம்பியர்கூடத் தரவில்லை. பேக்லைட் பின்னால் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

வோல்டேஜைக் குறைக்கும் ஆசையும் வந்தது. டிவைஸ் ட்ரீயில் (கெர்னலுக்கு ஹார்ட்வேர் விவரம் சொல்லும் ஃபைல்) ப்ராசஸர் வோல்டேஜ் அட்டவணையில் கை வைத்தேன். காலையில் நன்றாக ஓடியது, மதியச் சூட்டில் கேமராவைத் திறந்தால் பட்டென்று அணைந்தது. குவால்காம் சிப்பில் சிபிஆர் என்ற ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. சென்சார் வைத்து, அந்தந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் போதும் என்று அதுவே பார்த்துக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் நாம் கறக்கப் பார்த்தால் மிஞ்சுவது ரீபூட்தான். அட்டவணையைப் பழையபடி ஆக்கினேன்.

ராத்திரிக் கணக்கு? இத்தனைக்கும் பிறகு 14 இருந்தது 13 ஆகியிருந்தது.

அடுத்து பேட்டரி. சென்னை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடை தூரம். நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு கடையில் யுஎஸ்பி மீட்டர் 380 ரூபாய். அடுத்த சந்தில் பேட்டரி கேட்டேன்.

"அண்ணா, நோட் 4-க்கு பிஎன்43 இருக்கா?"

"இருக்கு தம்பி. காப்பி வேணுமா, ஒரிஜினல் வேணுமா?"

"ஒரிஜினல்னா கம்பெனிதா?"

"ஒரிஜினல் மாதிரி."

நேர்மையான பதில்தான். காப்பி 450, ஒரிஜினல் மாதிரி 850. நான் 450-ஐ எடுத்தேன்.

திறப்பது கஷ்டமில்லை. முதலில் சிம் ட்ரேயை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டபடி நெம்பினால் ட்ரே மாட்டிக்கொண்டு உடையும். கீழே சார்ஜிங் துளைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னத் திருகு. பிறகு பிளாஸ்டிக் நெம்பியை ஓரத்தில் விட்டு, 'டிக் டிக்' என்று கிளிப்புகள் விடுவது கேட்கும்படி மெதுவாகச் சுற்றி வரலாம். மூடியைச் சட்டென்று தூக்கக் கூடாது. விரல்ரேகை சென்சார் மூடியில் இருக்கிறது, அதன் ரிப்பன் போர்டோடு சேர்ந்திருக்கும். பேட்டரி பசையில் ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டி, பழைய ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறையை மடித்து அடியில் விட்டு எடுத்தேன். இந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பக் கூடாது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் புகையோடு நிற்காது. திருகுக்கருவியும் நெம்பியும் 150, இருபக்க டேப் 60.

காப்பி பேட்டரி 18 சதவீதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. மறுபடி போட்டால் 18-தான் காட்டும், உடனே அணையும். கெர்னல் லாகைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. பேட்டரி கனெக்டரில் ப்ளஸ், மைனஸ் தவிர வேறு முனைகளும் உண்டு. ஒன்றின் பின்னால் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். பூட் ஆகும்போது கெர்னல் அதன் மதிப்பைப் படித்து, டிவைஸ் ட்ரீயில் எந்த பேட்டரியின் அட்டவணை பொருந்துகிறதோ அதை ஃப்யூயல் கேஜுக்குக் கொடுக்கும். எவ்வளவு வோல்டேஜில் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்கிறது. காப்பியில் இருந்த ரெசிஸ்டர் எதற்கும் ஒத்துப்போகவில்லை. ஆள் மாறாட்டம் நடந்தால் கேஜ் என்ன செய்யும், குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டுகிறது. கடையில் ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது என்று திருப்பி வாங்கவில்லை. 850 கொடுத்து அடுத்ததை வாங்கினேன். அதில் அடையாளம் சரியாக வந்தது, சில சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கேஜ் கணித்த கொள்ளளவு 3800-க்குப் பக்கம். யுஎஸ்பி மீட்டரில் காலியிலிருந்து முழுவதும் ஏற்றிப் பார்த்த கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போனது.

ராத்திரி இறக்கம் 13-லிருந்து 10 ஆனது. ஆகா என்று தோன்றும். ஆனால் 3020-இல் 13 சதவீதம் 393. 3800-இல் 10 சதவீதம் 380. பானை பெரிதானதே தவிர ஓட்டை அப்படியே இருந்தது. தூக்கமும் 52 சதவீதத்திலேயே நின்றது.

அந்தச் சமயத்தில் அப்பா ஒரு காதுகுத்துக்குக் கும்பகோணம் போய் வந்தார். வந்ததும் சொன்னார், "உன் வைத்தியம் பலிச்சிருச்சுடா. அங்க போய் ஒரு தடவதான் சார்ஜே போட்டேன்." நான் எதையுமே புதிதாக மாற்றவில்லையே. கும்பகோணத்து வீட்டில் இல்லாதது எது என்று யோசித்தால் ஒன்றுதான், வைஃபை. அன்று ராத்திரி இங்கே வைஃபையை மட்டும் அணைத்து வைத்தேன். காலையில் நாலு சதவீதம்தான் இறங்கியிருந்தது.

அப்புறம்தான் கெர்னலின் வேக்கப் சோர்ஸஸ் ஃபைலைத் திறந்தேன். செட்டிங்ஸ் பக்கம் ஆப்களின் கணக்கைத்தான் காட்டும்; டிரைவர்கள் எழுப்புவது இங்கேதான் இருக்கும். ஒவ்வொரு வேக்லாக்கும் (போனைத் தூங்கவிடாமல் பிடித்து வைக்கும் பூட்டு) எத்தனை முறை பிடிக்கப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம், தூங்கவிடாமல் தடுத்த நேரம் எவ்வளவு என்று தனித்தனி நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசைதான் முக்கியம். படுக்கும் முன் ஒரு காப்பி, எழுந்ததும் ஒரு காப்பி எடுத்துக் கழித்தால் குற்றவாளி தெரிந்துவிடும். முதலிடத்தில் குவால்காம் ஆர்எக்ஸ் வேக்லாக், மூன்று மணி நேரத்துக்கு மேல். வைஃபையில் ஒரு பாக்கெட் வந்து சேரும்போதெல்லாம் டிரைவர் பிடிக்கும் வேக்லாக் அது.

வேக்லாக்கைத் தடுக்க போஃப்லா என்ற வேறொரு கெர்னலில் பிறந்த ஒரு பேட்ச் (கோடு திருத்தம்) ரொம்ப நாளாகவே உலவுகிறது. பெயரைக் கொடுத்தால் அந்த வேக்லாக்கைக் கெர்னல் கண்டுகொள்ளாது. சேர்த்துக் கம்பைல் செய்தேன். மறுநாள் காலை 97. தூக்கம் 95 சதவீதம். சந்தோஷமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"உங்க அக்கா வாட்ஸ்அப்ல ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கா. இது வாயே தொறக்கல. இப்ப லாக்க எடுத்தா வரிசையா மிஸ்டு காலா கொட்டுது."

பாக்கெட் வந்து சேர்ந்தது, வேக்லாக் இல்லாததால் ஆப் அதைக் கையில் வாங்குவதற்குள் போன் திரும்பத் தூங்கிவிட்டது. குப்பை பாக்கெட்டுக்கும் அக்காவின் அழைப்புக்கும் ஒரே வேக்லாக். தடுப்பானை எடுத்துவிட்டேன். பேட்டரி அருமையாக நிற்கிறது என்று புகழப்படும் சில கெர்னல்களில் இந்தப் பட்டியல் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது. உங்களுக்கு மெசேஜ் தாமதமாக வருகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

இனி கேட்க வேண்டிய கேள்வி, நடுராத்திரியில் இந்தப் போனுக்கு யார் பாக்கெட் அனுப்புகிறார்கள் என்பது. லேப்டாப்பை அதே வைஃபையில் சேர்த்து, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன். ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் மட்டும் தெரியும்படி வடிகட்டினேன். கறுப்புத் திரையில் வரிகள் நிற்காமல் ஏறின. 239.255.255.250, போர்ட் 1900. மறுபடி அதே. இடையில் 224.0.0.251, போர்ட் 5353. மறுபடி 1900. முதலாவது எஸ்எஸ்டிபி, "இங்கே நான் இருக்கிறேன், யாருக்காவது வேண்டுமா" என்று ஒரு சாதனம் கூவுவது. இரண்டாவது எம்டிஎன்எஸ், அதே ரகம், டிவியிலிருந்து. கூவல் ஒவ்வொன்றும் வீட்டில் உள்ள எல்லா வைஃபை சாதனத்துக்கும் போய்ச் சேரும். நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல்.

எஸ்எஸ்டிபி வந்த முகவரியைத் தேடிப்போனால் ஹாலில் ஷோகேஸின் மேல்தட்டில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது: சிசிடிவி ரெக்கார்டர். கேமரா போட்டுக் கொடுத்த பையனுக்கு போன் செய்து பாஸ்வேர்ட் கேட்டேன். பெட்டியோடு வந்த அதே பாஸ்வேர்ட்தான் இன்னமும் இருந்தது. பேட்டரியை விட அதுதான் பெரிய விஷயம், அதை முதலில் மாற்றினேன். பிறகு நெட்வொர்க் மெனுவில், இந்தக் கூவலுக்குக் காரணமான யுபிஎன்பி-ஐ அணைத்தேன். அது ஒன்றிலேயே போனின் தூக்கம் 52-லிருந்து 81 சதவீதமானது. கெர்னலில் ஒரு வரிகூட மாறவில்லை.

மீதிக்கு வைஃபை டிரைவரின் செட்டிங்ஸ் இருக்கும் ஐஎன்ஐ ஃபைல். மல்டிகாஸ்ட், பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போவது) வடிகட்டிக்கு அதில் ஒரு வரி உண்டு. 0 என்றால் வடிகட்டாதே, 1 என்றால் மல்டிகாஸ்ட், 2 என்றால் பிராட்காஸ்ட், 3 என்றால் இரண்டும். நான் போட்டிருந்த லீனியேஜில் 0. அதை 3 ஆக்கினால், போன் தூங்கும்போது வைஃபை சிப்பே குப்பையை வாசலில் நிறுத்திவிடும், ப்ராசஸரை எழுப்பாது. கூடவே ஏஆர்பி ஆஃப்லோடு 1 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரவுட்டர் "இந்த முகவரி யாருடையது" என்று கேட்பதும் பிராட்காஸ்ட்தான். போன் தூங்கினாலும் சிப் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரவுட்டருக்குப் போன் காணாமல் போய்விடும், மறுபடி மிஸ்டு கால் கதைதான். இதற்குப் பிறகு தூக்கம் 94. அக்காவைக் கூப்பிடச் சொல்லிச் சோதித்தேன். முதல் ரிங்கிலேயே அடித்தது.

ரவுட்டரில் டிடிஐஎம் என்ற எண்ணையும் 1-லிருந்து 3 ஆக்கினேன். ரவுட்டர் தன் இருப்பைச் சொல்லும் பீக்கன் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று வருகிறது. எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை கவனித்தால் போதும் என்பதே அந்த எண். 3 என்றால் தூங்கும் சாதனங்கள் ஏறக்குறைய 307 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை காது கொடுத்தால் போதும். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியில் இந்த ஆப்ஷனே இல்லை, நான் தனியாக வாங்கிப் போட்டிருந்த ரவுட்டரில் இருந்தது. இதனால் கிடைத்தது ஒரு சதவீதத்துக்குள். இதற்காக ரவுட்டர் வாங்க வேண்டாம்.

மொத்தச் செலவு 1890 ரூபாய். இதில் 450 பரணில் கிடக்கும் காப்பி பேட்டரி. இப்போது போனில் ஓடுவது என் கெர்னல்தான். கவர்னர் திருகலை விட்டுவைத்திருக்கிறேன், 14 மில்லிஆம்பியர் என்றாலும் லாபம்தானே. வோல்டேஜ், கோர் அணைப்பு, வேக்லாக் தடுப்பான் எதுவும் இல்லை. புதிதாக யாராவது போனைக் கொண்டுவந்து ராத்திரியில் சார்ஜ் கரைகிறது என்றால், ஒரு ராத்திரி வைஃபை அணைத்து, ஒரு ராத்திரி சிம்மை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதற்கடுத்து வேக்கப் சோர்ஸஸ். ஜிசிசியெல்லாம் அப்புறம்.

சிம் பக்கம் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் கீழ்த்தள வீட்டில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிறது. வைஃபை இல்லாத ராத்திரியில் நாலு சதவீதத்துக்குக் கீழே இறங்காததற்கு மோடம் டவரைத் தேடி அலைவதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகம். 4.9 கெர்னலுக்குப் போய் ஷெட்யூட்டில் என்ற கவர்னரையும் ஒரு கை பார்க்க வேண்டும். ஆனால் அப்பா இனி போனைத் தருவதாக இல்லை. திரை உடைந்த நோட் 4 ஒன்று ரிச்சி தெருவில் 1000 ரூபாய்க்குள் கிடைத்தால் அதில்தான் மிச்சத்தைச் செய்ய வேண்டும்.